பழைய துப்பாக்கியின் இடைவெளி

1907ஆம் ஆண்டு, குமாயூன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னும் ஊரின் அருகே ஒரு பெண்புலி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் சிதைந்திருந்தன. மேற்பல் பாதியில் முறிந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போய்விட்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட ஒரு குண்டு செய்த வேலை அது. இயற்கையான இரையைப் பிடித்துக் கொல்ல இயலாமற்போன அப்புலி முதலில் நேபாளத்திலும் பின்னர் குமாயூனிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. அதைச் சுட்ட ஜிம் கார்பெட் தமது 'குமாயூனின் ஆட்கொல்லிகள்' நூலில் (1944) இந்தச் செய்தியை இரண்டொரு வாக்கியங்களில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். எனக்கு அந்த இரண்டொரு வாக்கியங்கள்தாம் அந்நூலின் ஆகக் கொடிய பகுதியாகத் தோன்றுகின்றன. ஒரு கோணல் குண்டு, 436 சாவு. சுட்டவன் வீடு திரும்பி உணவருந்தியிருப்பான்; தன் குண்டு என்ன செய்தது என்பதை அவன் கடைசிவரை அறிந்திருக்க மாட்டான்.

வேட்டைத் துப்பாக்கி வாங்குவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரும் எழுத்துமரபு உண்டு. புதியதை வாங்குவதா, பிறர் கையாண்டதை வாங்குவதா. ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா. கனமான குண்டா, வேகமான குண்டா என்று இரு நூற்றாண்டுகளாக வழக்காடியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது வாங்குபவனின் பணப்பையையும் உயிரையும் பற்றிய விவாதம். தவறான துப்பாக்கியின் விலையை வேட்டைக்காரன் மட்டுமே கொடுப்பதில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் புல்லறுக்கப் போகும் பெண்ணும் கொடுக்கிறாள் என்ற உண்மை அதில் அரிதாகவே தலைகாட்டுகிறது. பிரித்தானிய இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. உயிரை இழக்கக்கூடியவர்களுக்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை.

1857க்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைவது ஆங்கில அரசின் நிலைத்த கொள்கையாயிற்று. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதற்கு முழு வடிவம் தந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. மலைக்கிராமங்களில் பயிரைக் காக்கவென்று சில உரிமங்கள் வழங்கப்பட்டன. அவற்றின்கீழ் இருந்தவை பெரும்பாலும் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள். மானையும் பன்றியையும் விரட்ட அவை போதும். புலியின்மீது பட்டால் கொல்லும் வலு அவற்றுக்கில்லை; ஊனமாக்கும் வலு மட்டும் உண்டு. (நோய் தீர்ப்பதற்கும் துப்பாக்கியில் இடுவதற்கும் தமிழில் 'மருந்து' என்ற ஒரே சொல் வழங்குவதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. 'துப்பாக்கி'யோ துருக்கிய மூலத்திலிருந்து பல மொழிகளின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த சொல். கருவி வெளியூர்ச்சொல்லோடு வந்தது. அதற்குள் இடும் கரித்தூளுக்கு மட்டும் நாம் வீட்டுச்சொல்லைக் கொடுத்துவிட்டோம்.)

சம்பாவத்தில் புலியைக் கலைத்து விரட்ட ஆள் திரட்டியபோது தாசில்தார் ஒரு காரியம் செய்தார். உரிமமில்லாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்தால் கண்டுகொள்ள மாட்டேன், மருந்தும் குண்டும் நானே தருகிறேன் என்று அறிவித்தார். 298 பேர் வந்தார்கள். அன்று வெளிவந்த ஆயுதங்களைக் கொண்டு ஓர் அருங்காட்சியகமே அமைத்திருக்கலாம் என்ற பொருளில் கார்பெட் எழுதுகிறார். நகைச்சுவையாகச் சொல்லப்படும் செய்திதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் ஆயுதச் சட்டம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. நான்காண்டுகளில் அந்தப் பகுதியில் மட்டும் 234 பேர் இறந்திருந்தார்கள். அத்தனை காலமும் அந்தத் துப்பாக்கிகள் கூரை இடுக்குகளிலும் தானியக் குதிர்களுக்குப் பின்னாலும் சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்திருந்தன.

கார்பெட்டின் கையில் இருந்தது .500 குழல்விட்டமுள்ள ரைபிள். கரிமருந்துக் காலத்து அளவுக்குத் தணித்த கார்டைட் தோட்டாவைச் சுடுவது. அவர் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு முறைக்குமேல் சுட வாய்ப்பிராது, மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்தன. குண்டடிபட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புலியை நெருங்கித் துப்பாக்கியை உயர்த்தியபோதுதான், குழலுக்கும் பின்னடைப்புக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பதைக் கண்டார். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குழல் வெடிக்காமற்போனாலும் அந்த இடைவெளியில் பீறிடும் தீ கண்ணைக் குருடாக்கலாம். வேறு வழியில்லை, சுட்டார். திறந்திருந்த வாய்க்குக் குறிவைத்த குண்டு வலது முன்னங்காலில் பட்டது. பின்னால் அதை விரல் நகத்தாலேயே பெயர்த்தெடுக்க முடிந்தது என்றால், அந்த வெடிப்பின் விசையில் எவ்வளவு இடைவெளி வழியே வெளியேறியிருக்கும் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். நல்லவேளையாக முந்தைய குண்டுகள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. புலி தலையைச் சாய்த்தது.

பழைய துப்பாக்கியின் குறை எதுவென்று கேட்டால் அந்த இடைவெளியைத்தான் முதலில் சுட்டவேண்டும். மடித்துத் திறக்கும் துப்பாக்கியில் குழல்களின் பின்முகம் அடைப்பின் முகத்தோடு ஒட்டி அமரவேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கீல் சற்றே தேய்கிறது. பராமரிப்பில்லாமல், அளவுக்கு மீறிய தோட்டாக்களைச் சுட்டுவந்தால் ஒட்டு விட்டுப்போகிறது. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியன் இதைச் சரிசெய்துவிடுவான். சம்பாவத்துக்கு அருகில் அப்படி யார் இருந்திருப்பார்கள்?

கார்பெட்டே பழைய துப்பாக்கிகளால் வளர்ந்தவர். 1875இல் நைனிதாலில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். பெரிய குடும்பம், அஞ்சல் அதிகாரியின் விதவைக்குக் கிடைத்த வருவாய் சிறிது. 1953இல் வெளியான தமது காட்டறிவு நூலில் தம் முதல் துப்பாக்கியைப் பற்றி அவர் எழுதியிருப்பது படிக்கச் சுவையானது. அன்பளிப்பாகக் கிடைத்தது அது. இரட்டைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிப்பது. என்றோ அளவுக்கு மிஞ்சி மருந்து இட்டதில் வலக்குழல் பிளந்துபோயிருந்தது. அந்த வெடிப்பில் விட்டுப்போன கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். குன்வர் சிங் என்னும் கள்ளவேட்டைக்காரர் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தபோது பிளந்த வலக்குழலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இடக்குழலைப் பாராட்டினாராம். அந்த நாகரிகம் எத்தனை பேராசிரியர்களுக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது இரவல். தன்னார்வப் படையின் சிறுவர் பிரிவில் சேர்ந்த பையனுக்கு அங்கிருந்த சார்ஜண்ட் மேஜர் ஒரு .450 மார்ட்டினி ரைபிளையும் தோட்டாக்களையும் கொடுத்தார். துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்கூடுகளைத் திருப்பித்தர வேண்டும் என்பவையே நிபந்தனைகள். மார்ட்டினி ஹென்றி பெரியவர்களின் தோளையே பதம்பார்க்கும் படைத்துப்பாக்கி. தோட்டாவும் ஒரு முறைக்கு ஒன்றுதான். ஒற்றைத் தோட்டாவோடு காட்டுக்குள் போகிறவன் சுடுவதற்கு முன் இருமுறை யோசிப்பான். கார்பெட்டின் பிற்காலச் சிக்கனத்துக்கு, அதாவது சம்பாவத்தில் மூன்றே தோட்டாவோடு போனதற்கு, வேர் இங்கே இருக்கிறது என்பது என் ஊகம். நல்ல பழக்கங்களும் சில நேரம் ஆளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தும்.

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு ரைபிள் பரிசளித்தார். லண்டன் ஜான் ரிக்பி நிறுவனம் செய்த .275 குழல்விட்ட ரைபிள். கல்கத்தா மாண்டன் கடையின் வழியே வந்தது. கட்டையில் பதித்த வெள்ளித்தகட்டில் பரிசின் காரணம் பொறிக்கப்பட்டிருந்தது. வேட்டை இலக்கியத்தில் இவ்வளவு புகழ்பெற்ற துப்பாக்கி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

அக்காலத்தில் புதுத் துப்பாக்கி என்றால் என்ன பொருள்? இரண்டு வேறு உலகங்கள். ஒன்று இரட்டைக் குழல் ரைபிள். லண்டனில் ஹாலண்ட், பர்டி, ரிக்பி, ஜெஃப்ரி போன்ற பட்டறைகள் செய்தவை. வாங்குபவரின் தோளுக்கும் கைநீளத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து, தையற்காரர் சட்டை தைப்பதுபோலக் கட்டையைச் செதுக்குவார்கள். இரண்டு குழல்களும் குறிப்பிட்ட தொலைவில் ஒரே புள்ளியில் சுடும்படி இணைப்பது மிக நுட்பமான வேலை. குழல்களின் நுனியில் ஆப்பு வைத்துப் பற்றவைப்பார்கள், சுட்டுப்பார்ப்பார்கள், உருக்கி மீண்டும் பற்றவைப்பார்கள். அதுவும் ஒரே வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். வேறு எடையுள்ள குண்டைச் சுட்டால் இரு குழல்களும் ஒன்றுக்கொன்று முரண்படும். வெயில் நாட்டுக்கென்று மருந்தைக் குறைத்த தனித்தோட்டாக்களும் செய்தார்கள். கார்டைட் சூட்டில் அழுத்தத்தைக் கூட்டும் இயல்புடையது. லண்டன் பனியில் அமைதியாக இருந்த தோட்டா வைகாசி வெயிலில் வேறு குணம் காட்டும். இத்தனை உழைப்புக்கும் உரிய விலை இருந்தது. ஆளுநர்களும் சமஸ்தானாதிபதிகளும் தேயிலைத் தோட்ட முதலாளிகளும் வாங்குவார்கள். மொக்காமெ காட்டில் ரயில்வேச் சரக்குமாற்றும் ஒப்பந்தக்காரராக இருந்த கார்பெட்டைப் போன்றவர் எண்ணிப்பார்க்க வேண்டிய விலை.

இன்னொன்று, ஜெர்மானிய மௌசர் பொறியை வைத்துக் கட்டிய, கைத்தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் ரைபிள். பொறி படைக்காகப் பல்லாயிரக்கணக்கில் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. லண்டன் பட்டறை அதற்குக் குழலும் கட்டையும் பார்வைக்குறியும் அமைத்துத் தந்தது. விலை இரட்டைக் குழலின் ஒரு சிறு பகுதிதான். ரிக்பியின் .275 என்பதும் 1890களின் தொடக்கத்தில் மௌசர் நிறுவனம் அறிமுகப்படுத்திய 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரேயாகும். தென்னாப்பிரிக்கப் போரில் (1899–1902) போயர்கள் இதே 7 மில்லிமீட்டர் மௌசர்களைக் கொண்டுதான் பிரித்தானியப் படையைச் சுட்டார்கள். பகைவனின் தோட்டாவுக்கு அங்குலக் கணக்கில் ஒரு பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொள்வது வணிகர்களுக்கு எளிது.

எந்த விட்டத்தை வாங்குவது என்பதும் வாங்குபவர் விருப்பம் மட்டுமன்று. எல்லைப்புறப் பழங்குடியினரிடமும் கலகக்காரர்களிடமும் பழைய மார்ட்டினி ஹென்றிகள் ஏராளமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. .450 விட்டமுள்ள வேட்டைக் குண்டுகள் கடைகளில் கிடைத்தால் அவற்றைப் பிரித்து அந்தத் துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. விளைவு, 1907இல் .450 விட்ட ரைபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரத் தடை. அதுவரை பெருவேட்டைக்கு அதுவே முதல் தேர்வாக இருந்ததால் லண்டன் பட்டறைகள் அவசரஅவசரமாக .465, .470, .475 என்று மயிரிழை வேறுபாட்டில் புதுத்தோட்டாக்களை உருவாக்கின. இன்று உலகெங்கும் யானை வேட்டையின் அடையாளமாகப் பேசப்படும் .470இன் பிறப்பு ஆப்பிரிக்கக் காட்டில் நிகழவில்லை. ஓர் அரசாணையில் நிகழ்ந்தது. கார்பெட் பிற்காலத்தில் கையாண்ட ஜெஃப்ரி இரட்டைக் குழல் .450/400 என்று பெயர் கொண்டது. இரண்டு எண்களில் முதலாவது தோட்டாக்கூட்டின் தாய்வடிவத்தைக் குறிப்பது; குண்டின் விட்டம் இரண்டாவது எண். ஆகவே அது தடைக்குள் வரவில்லை. படையின் .303க்கும் இதே கதிதான், அதனால்தான் இந்தியாவில்.275க்கும் .318க்கும் நல்ல சந்தை இருந்தது.

அரசின் அச்சம் வெறுங்கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 1914 ஆகஸ்டில் கல்கத்தா ராடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புலி வேட்டைக்காரனும் புரட்சிக்காரனும் ஒரே கடைவீதியில்தான் நடமாடினார்கள்.

இலேசான ரிக்பி புலிக்குப் போதுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை இதே 7 மில்லிமீட்டர் தோட்டாவினால் கொன்றவர். யானையின் மண்டையோட்டை அறுத்துப்பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். அவரைப் பின்பற்றிய அரைகுறைகளால் காயம்பட்டு அலைந்த யானைகள் எத்தனை என்பதை எவரும் எண்ணவில்லை. சிறிய குண்டு தேர்ந்த கைக்கே உரியது. பெல்லைச் சான்றாகக் காட்டிச் சிறுவிட்டத்தைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு.

ஆனால் எடை குறைந்த துப்பாக்கிக்கு ஆதரவாக 1930 ஏப்ரலில் சௌகட்டில் நடந்ததைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. 64 பேரைக் கொன்ற புலிகளுள் மிஞ்சியிருந்த பெண்புலி அது. பாறையொன்றைச் சுற்றி இறங்கிய கார்பெட் வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபோது எட்டடித் தொலைவில் படுத்திருந்தது. அவருடைய இடக்கையில் வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள். வலக்கையில் ரிக்பி. துப்பாக்கியை ஒரு கையால், வட்டத்தின் முக்கால் பங்கு, புலி அசையாத அளவுக்கு மெல்ல மெல்லத் திருப்பினார். கை களைத்துப்போகும் வேளையில் முனை இலக்கை அடைந்தது. ரிக்பியின் எடை மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். நான்கரைக் கிலோவைத் தாண்டும் இரட்டைக் குழலை அப்படி ஒற்றைக்கையில் நகர்த்த எந்த மனிதனாலும் இயலாது. அவரோ முட்டைகளுக்கும் நன்றி சொல்கிறார். கையில் அவை இருந்ததால்தான் பதறித் திரும்பாமல் இருந்தேன் என்கிறார்.

பழையதை வாங்குபவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதற்கு வருவோம். முதலில் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்ப்பது. அக்காலத் தோட்டாவின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். அன்றிரவே கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால், மழைக்காலத்தில் மறுநாளே துரு தொடங்கிவிடும். பயணிகள் விடுதியில் களைத்துவந்து வேலைக்காரனிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உறங்கிய துரையின் குழலும், தானே கழுவியவரின் குழலும் பத்தாண்டு கழித்து வேறுவேறாக இருக்கும். ஆகவே துப்பாக்கியைவிட விற்பவரைப் பார்த்து வாங்கு என்பது அந்நாளைய அறிவுரை. கார்டைட் மிகுந்த வெப்பத்தோடு எரிவதால் தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னே வரிகள் முதலில் கரையும். பின்புறமிருந்து துடைக்க முடியாத துப்பாக்கிகளில் துடைகோல் உரசி முனை தேய்ந்திருக்கும்.

இரட்டைக் குழலானால் முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப்பார்ப்பார்கள். ஒட்டு விட்டிருந்தால் கலகலக்கும். குழல்களைத் தனியே கழற்றி, விரலில் தொங்கவிட்டு, தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் பானையைத் தட்டிப்பார்த்து வாங்கும் கிழவி அறிந்த அதே வித்தைதான். நன்றாகப் பற்றவைத்த குழல் மணிபோல ஒலிக்கும். ஒட்டு எங்கேனும் பிரிந்திருந்தால் ஒலி மங்கிவிடும். பின்பு சோதனை முத்திரை. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருந்த சோதனைச் சாலைகள் ஒவ்வொரு குழலையும் மிகை அழுத்தத்தில் சுட்டுப்பார்த்து முத்திரையிட்டன. கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் கார்டைட்டைச் சுடுவது தற்கொலைக்குச் சமம். வரிவரியாக முறுக்குக் கோலமிட்ட பழைய டமாஸ்கஸ் குழல்கள் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த வகைதான். கட்டையில், கைப்பிடிக்குப் பின்னால், மெல்லிய விரிசல் உண்டா என்றும் தடவிப்பார்ப்பார்கள். வால்நட் மரம் நம் மழையையும் கோடையையும் மாறிமாறித் தாங்குவதில்லை. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்ணிட்டு யாருக்கு, எப்போது விற்றோம் என்று பேரேட்டில் எழுதிவைத்தன. எண்ணை எழுதி அனுப்பினால் துப்பாக்கியின் பிறப்புச் சான்று கிடைக்கும். நம்மூரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பேரேடு ஒன்றுதான்.

நன்றாகச் செய்து, நன்றாகப் பேணிய பழைய லண்டன் துப்பாக்கி அவசரத்தில் வாங்கிய மலிவான புதியதைவிட மேல் என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேற்றுமை குறைவு. புதியதில் இருப்பது சோதிக்கப்படாத நம்பிக்கை. பழையதில் இருப்பது யாருடையதோ ஒரு வாழ்க்கை. நானும் பழையதன் பக்கமே சாய்கிறேன், ஆனால் தோட்டா கிடைக்கும் வரையில்தான். கிடைக்காதபோது எந்தத் துப்பாக்கியும் விலையுயர்ந்த தடியே.

1947 அந்தச் சந்தையைத் தலைகீழாக்கியது. கப்பலேறும் அவசரத்தில் அதிகாரிகளும் தோட்டத்துரைகளும் தங்கள் துப்பாக்கிகளை விற்றும் கொடுத்தும் சென்றார்கள். ஆனால் பெருவிட்டத் தோட்டாக்களைச் செய்துவந்த கைனாக் நிறுவனம் 1960களில் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. வெயிலில் கிடந்த பழந்தோட்டாக்கள் வெடிக்காமல் ஏமாற்றின, அல்லது நொடி தாமதித்து வெடித்தன. நாட்டிலேயே செய்யப்பட்டு எளிதில் கிடைத்தது ஈசாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள். அதன் தோட்டா பழைய ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் வழி வந்தது; .303 படைக்குரியதென்று விலக்கப்பட்டதால் அந்த இடத்தை நிரப்பியது. தடையினால் பிறந்த தேர்வு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது.

தமிழக, கருநாடக எல்லைக் காடுகளில் வேட்டையாடிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் இவை எதையும் நாடவில்லை. அவர் கையில் இருந்தது அமெரிக்க வின்செஸ்டரின் 1895ஆம் ஆண்டு வடிவம்; .405 தோட்டா, விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றிச் சுடுவது. தொழிற்சாலையில் செய்த எளிய பொருள். ஆங்கிலப் பட்டறைகளின் பூவேலை எதுவும் அதில் இல்லை. ஜவளகிரி, பென்னாகரம், சீகூர் என்று நமக்குப் பழகிய பெயர்கள் அவருடைய கதைகளில் வருகின்றன. ஜவளகிரிப் பெண்புலி குண்டடிபட்டுத் தப்பிய பின்னரே ஆட்கொல்லியானதாக அவர் எழுதுகிறார். சம்பாவத்தின் கதை இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே மறுபடி நடந்திருக்கிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைத் துப்பாக்கி என்ற சொல் இந்தியாவில் பொருளிழந்தது. 1980களில் தனியார் இறக்குமதியும் நின்றது. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைக்குக் கை மாறி விலையேறின. சுடுவதற்காக அல்ல, வைத்திருப்பதற்காக. 2019இன் திருத்தம் ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருக்கக் கூடாதென்றது. பாட்டனார் விட்டுச்சென்றவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை ஒப்படைப்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலை பல குடும்பங்களுக்கு வந்தது.

1947 இறுதியில் கார்பெட்டும் அவருடைய தமக்கை மேகியும் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1955இல் அங்கேயே அவர் காலமானார். வெள்ளித்தகடு பதித்த ரிக்பி அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் போய்ச் சேர்ந்து பல காலம் அங்கிருந்தது. 2015இல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. செய்தவர்களிடமே ஒரு பழைய துப்பாக்கி திரும்பிப்போனது. அடுத்த ஆண்டு அதைச் சிலநாள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். ஜெஃப்ரி இரட்டைக் குழல் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது.

கார்பெட்டின் துப்பாக்கி ஒன்று மட்டும் கடல் கடக்கவில்லை. காலாடுங்கியை அடுத்து அவர் உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்தில், ஊர்க்காரர் ஒருவருக்குப் பயிர்க்காவலுக்கென்று அவர் கொடுத்துச் சென்றது. ஒற்றைக் குழல். லண்டன் பட்டறையின் பெயரும் வெள்ளித்தகடும் அதில் இல்லை. கிராமத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அந்தக் குடும்பத்தார் அதை எடுத்துக் காட்டிவந்திருக்கிறார்கள்.